"சும்மாதானே இருக்கீங்க" என்று விற்கப்படும் ஒரு மெஷின்

தேங்காய்ப்பட்டணத்தில் யாராவது சுவெட்டர் போட்டுக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறீர்களா? குழித்துறை ஆறு அரபிக் கடலில் சேருகிற இடம் அது. தென்மேற்குப் பருவமழை உண்டு, வடகிழக்கும் உண்டு. குளிர்காலம் மட்டும் கிடையாது. மார்கழியிலும் ஃபேன் போடாமல் தூங்க முடியாத கடற்கரை. அந்த ஊருக்குள்ளும் செல்போன் வழியாக வந்து சேர்ந்துவிட்டது நிட்டிங் மெஷின்.

வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கை, கைப்பிடியைச் சுற்றுகிறது. கலர் கலராக நூல் உள்ளே போகிறது. கீழே குல்லா இறங்குகிறது. பின்னால் ஒரு இசை. கடைசியில் அந்த வரி: வீட்டில் இருந்தபடியே, ஓய்வு நேரத்தில், சம்பாதிக்கலாம்!

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் காசு குறையும். யாராவது ஒருவர் அந்த வீடியோவைக் காட்டிச் சொல்வார்: "அக்கா, நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க? இதுல ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"

இந்தக் கட்டுரையின் சண்டை மெஷினோடு இல்லை. அந்தச் 'சும்மா' என்கிற சொல்லோடுதான்.

விடியும் முன்னே எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மீன் வெட்டி, துணி துவைத்து, சங்கத்துத் தவணைக்கு ஓடி, திரும்பி வந்து உட்கார்கிறாளே, அவள்தான் 'சும்மா' இருக்கிறவள். அவளுக்கு மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்தை ஓய்வு என்று பெயர் வைத்து ஒருவர் விலை பேசுகிறார். ஓய்வு நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? ஏதோ கொடுத்தால் போதும். எல்லா மோசமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் மெஷினைப் பற்றி

மெஷினைத் திட்டுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் தானே வந்துவிடுகிறது, இதில் என்ன கலை, கையால் இரண்டு ஊசி வைத்துப் பின்னுவதுதான் நிஜம் என்பது அவர்கள் கட்சி. இது தெரியாமல் பேசுகிற பேச்சு.

வீட்டுக்கான ஆரம்பநிலை மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வட்டமானது. இருபது சொச்சம் முதல் நாற்பது சொச்சம் வரை ஊசிகள், சுற்ற ஒரு கைப்பிடி. குழாய் மாதிரி துணி வரும். குல்லா, மஃப்ளர் செய்யலாம். இன்னொன்று தட்டையானது. 'சில்வர் ரீட் எல்கே 150' என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 150 ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 6.5 மில்லிமீட்டர். மேஜை ஓரத்தில் மாட்டி, மேலே உள்ள கேரேஜை இடமும் வலமும் கையால் தள்ள வேண்டும். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம்.

இரண்டிலும் ஆதாரம் ஒரே ஊசிதான். முனையில் கொக்கி. கொக்கிக்குக் கீழே சின்னதாக ஒரு நாக்கு, கதவு மாதிரி திறந்து மூடும். ஊசி முன்னால் போகும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துவிட்டுப் பின்னால் நழுவுகிறது. கொக்கி புது நூலைப் பிடிக்கிறது. ஊசி திரும்பும்போது பழைய கண்ணியே நாக்கை மூடிவிட்டு, புது நூலின் மேலே தாண்டி விழுகிறது. ஒரு கண்ணி முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் மாத்யூ டவுன்சென்ட் இந்த ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஆலைகளில் ஓடுகிற பெரிய பின்னல் மெஷின்களிலும் இதே நாக்கு ஊசி உண்டு.

கேரேஜைத் தள்ளினால் ஒரு வரிசை சில நொடியில் முடியும், உண்மை. வீடியோ காட்டுவது அதை மட்டும்தான். மற்றது?

நூலை முதலில் தளர்வாகச் சுற்றி வைக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கேரேஜ் நடுவழியில் நின்றுவிடும். பிறகு சாம்பிள் துண்டு பின்னி, பத்து சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணிக் கணக்குப் போட வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கினால் அப்பாவுக்குப் பின்னியது பேரனுக்குத்தான் ஆகும். முதல் வரிசையை ஒவ்வொரு ஊசியிலும் கையால் சுற்றிப் போட வேண்டும். துணி மேலே ஏறாமல் இருக்க எடை தொங்கவிட்டு, பின்னப் பின்ன அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கழுத்துக்கும் கைக்கும் குறைப்பதென்றால் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து ஊசிக்கு மாற்ற வேண்டும். ஓரத்தில் இழுபடுகிற வரிப் பின்னல் வேண்டுமென்றால், ஒரே படுக்கை மெஷினில் தானாக வராது. கண்ணியைக் கீழே வரை அவிழ்த்துவிட்டு, மறுபக்கமிருந்து கொக்கியால் ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். ஒரு கண்ணி தவறினால் அதே வேலை. கடைசியில் நனைத்து, விரித்து, காயவைத்து, துண்டுகளை ஊசியால் தைக்க வேண்டும்.

கம்பளி நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இந்த மெஷினுக்கு அது பிடிக்கும். பருத்தி நூல் அப்படி வளைந்து கொடுக்காது. கேரேஜ் கனக்கும், கண்ணி சரியாக விழாது, கை வலிக்கும். நம் கடற்கரைக்கு வேண்டியதோ பருத்தி! போதாததற்கு உப்புக் காற்று. துடைத்து எண்ணெய் காட்டாமல் வைத்தால் ஊசி துருப்பிடிக்கும்.

இத்தனையும் தெரிந்தவள் வேலைக்காரி. அவளிடம் திறமை இருக்கிறது. 'தானே வந்துவிடுகிறது' என்று கேலி செய்கிறவரும், 'ஓய்வு நேரத்தில் செய்யலாம்' என்று விற்கிறவரும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரியும். இரண்டு பேரும் சொல்வது ஒன்றைத்தான்: இது வேலையே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தை சுவெட்டர் 400 ரூபாய்க்குப் போகிறது. நூலுக்கு 180. பட்டன், பாக்கெட் கவர், அனுப்பும் செலவு 60. மிச்சம் 160. நூல் சுற்றியது, பின்னியது, தைத்தது எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். அப்படியானால் மணிக்கு 20 ரூபாய். இதில் மெஷினின் விலையும், தவறிப்போய் அவிழ்த்த ஒரு முழு நாளும் சேரவில்லை.

இந்த எண்கள் உதாரணம்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முக்கியமானது நேரம் என்கிற வரியைக் கணக்கில் எழுதுவது. விற்கிறவர் காட்டுகிற கணக்கில் அந்த வரி இருக்கவே இருக்காது. 400 கழித்தல் 240, லாபம் 160 என்று முடித்துவிடுவார். எட்டு மணி நேரம் எங்கே? சும்மாதானே இருந்தீங்க!

"தையல் மெஷினையும் இப்படித்தானே கொடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். தமிழக அரசே சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் தையல்காரிக்கு வாடிக்கையாளர் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். பிளவுஸ், சுடிதார், பள்ளி யூனிஃபார்ம், கிழிந்த பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ். அளவெடுத்து, விலை பேசி, காசு வாங்குவது அவளே. சுவெட்டருக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் யார் வருவார்? அது ஊட்டிக்கோ மூணாறுக்கோ போக வேண்டும். அங்கே லூதியானாவில் பெரிய மெஷின்களில் அடித்த சுவெட்டர் ஏற்கனவே தொங்குகிறது. குளிர்காலத்தில் நகரங்களின் தெருவோரம் திபெத்தியர்கள் விற்பதிலும் பெரும்பகுதி லூதியானா சரக்குதான். அதோடு விலையில் மோத முடியாது. ஆகவே நடுவில் ஒரு ஆள் வருவார். அவர்தான் விலை சொல்வார்.

வலை பின்னிய கைகள்

இந்தக் கடற்கரைக்கு இதெல்லாம் புதிதில்லை. இங்கே நூலும் கண்ணியும் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மீன்வலை என்பது என்ன? முடிச்சுப் போட்ட கண்ணிகள்தானே. வலை பின்னுவது இந்தப் பக்கத்து மீனவக் குடும்பங்களில் பெண்களின் வேலையாக இருந்தது. வாசலில் உட்கார்ந்து, வலை ஊசியில் நூலைக் கோத்து, கண்ணியளவு மாறாமல் மணிக்கணக்காக முடிச்சுப் போட்டார்கள். முதலில் பருத்தி நூலும் சணலும். பிறகு நைலான் வந்தது. அதன் பின்னாலேயே வலை பின்னும் மெஷினும் வந்தது.

அந்த மெஷின் வாசலுக்கு வரவில்லை. தொழிற்சாலைக்குப் போனது. திருவனந்தபுரம் கடற்கரையில் பெண்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய வரலாறும் உண்டு. மெஷின் நிற்கவில்லை. இன்று நாகர்கோவில் வட்டாரத்தில் மீன்வலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, கடற்கரை ஊர்களிலிருந்து பெண்கள் அங்கே கூலிக்குப் போகிறார்கள். வாசலில் பின்னிய கிழவிகளுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. ஏன்? அவர்கள் பின்னியது வேலை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அப்போதும் அவர்கள் சும்மாதான் இருந்தார்கள்.

சரி, அந்த மெஷின் தொழிற்சாலையில் இருந்ததுதான் பிரச்சினை, மெஷின் வீட்டுக்குள் இருந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று தோன்றலாம். அதற்கும் ஒரு பதில் வரலாற்றில் இருக்கிறது, கொஞ்சம் தூரத்தில்.

வீட்டுக்குள் வந்த மெஷின்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர். 1589-ல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் மெஷினை அங்கேதான் உருவாக்கினார். அடுத்த இருநூறு ஆண்டுகளில் அந்த மெஷின் ஆயிரக்கணக்கான குடிசைகளுக்குள் போனது. கணவன் பின்னுவான், மனைவி தைப்பாள், பிள்ளை நூல் சுற்றும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வீட்டில் இருந்தபடியே தொழில்!

மெஷின் மட்டும் பெரும்பாலும் அவர்களுடையது இல்லை. முதலாளியிடம் வாடகைக்கு எடுத்தது. வாரா வாரம் வாடகையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். வேலை இல்லாத வாரத்திலும் வாடகை உண்டு. முதலாளிக்கு இதில் ஒரு வசதி. இருக்கிற வேலையை நிறைய வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் எல்லா மெஷினுக்கும் வாடகை வரும். பின்னுகிறவர் அரைவயிற்றோடு இருப்பார். நூல் கொடுப்பவரும் அவரே, சரக்கை எடுப்பவரும் அவரே, விலை சொல்பவரும் அவரே.

1811-ல் லுட்டைட்டுகள் மெஷினை உடைத்தது இந்த ஊர்களில்தான். அவர்களை மெஷினுக்குப் பயந்த மூடர்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். நாட்டிங்காம்ஷயரில் அவர்கள் கண்ட மெஷினையெல்லாம் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தவர்களுடையதையும், மட்டமான சரக்கு அடித்து விலையைக் கெடுத்தவர்களுடையதையும் தேடி உடைத்தார்கள். பதிலுக்கு 1812-ல் மெஷின் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அந்த மசோதாவை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் தன் முதல் உரையைப் பேசியவர் கவிஞர் பைரன். கூலியிலிருந்து மெஷின் வாடகை பிடிக்கும் வழக்கத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க 1874 வரை ஆனது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். "மெஷினை எங்களிடம் வாங்குங்கள், நூலையும் நாங்களே தருகிறோம், செய்த பொருளை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்ற விளம்பரத்தை நம் ஊரில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? ஊதுபத்தி மெஷினுக்குக் கேட்டோம், பேப்பர் தட்டு மெஷினுக்குக் கேட்டோம். முதல் லோடு எடுப்பார்கள். இரண்டாவதில் தரம் சரியில்லை என்பார்கள். மூன்றாவதற்குப் போன் எடுக்கமாட்டார்கள். மெஷின் கட்டிலுக்கு அடியில், தவணை மட்டும் மாதா மாதம். வாடகை என்ற பெயர்தான் மாறியிருக்கிறது.

ஒரு மாணவன் கேட்ட கேள்வி

1924-ல் டெல்லியில் காந்தியிடம் ஒரு மாணவர் கேட்டார்: நீங்கள் எல்லா மெஷின்களுக்குமே எதிரியா? கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்தவர், ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கம். அன்றைக்கு அதுவும் தேங்காய்ப்பட்டணமும் ஒரே திருவிதாங்கூர். பிற்காலத்தில், 1947-ல், டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கியவர் இவரே.

மெஷின் மேல் விரோதம் இல்லை, அதன் மேல் உள்ள வெறி மீதுதான் என்பது காந்தியின் பதிலின் சாரம். அவர் விதிவிலக்காக ஒப்புக்கொண்ட மெஷின் சிங்கர் தையல் மெஷின். மனைவி தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று அவர் நம்பினார். (நிஜ சிங்கருக்குப் பல குடும்பங்கள், இருபதுக்கும் மேல் பிள்ளைகள். அன்பு நிறைய இருந்திருக்கும், ஆனால் மெஷின் செய்தது காசுக்குத்தான்.) மாணவர் விடவில்லை. அந்தத் தையல் மெஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய மெஷின் இருக்குமே என்றார். அப்படிப்பட்ட தொழிற்சாலை தேசத்தின் உடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றார் காந்தி.

சிங்கர் பற்றிய கதை தப்பு. ஆனால் கேள்வி இறங்கிய இடம் சரி: மெஷின் யாருடையது, அதனால் யாருடைய உழைப்பு குறைகிறது, மிச்சம் யாருக்குப் போகிறது?

இல்லத்தரசிகள் செய்த ஏற்றுமதி

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஆந்திராவில் மேற்குக் கோதாவரிப் பக்கம் நரசாப்பூர். அங்கே பெண்கள் குரோஷே ஊசியால் லேஸ் பின்னி வெளிநாட்டுக்குப் போகிறது. மெஷின் எதுவும் இல்லை, கை மட்டும்தான். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்கிற அந்தப் பெண்களை எல்லோரும் 'வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள்' என்றே சொன்னார்கள், அந்தப் பெண்கள் உட்பட. அதனால்தான் அவர்கள் கூலியை அவ்வளவு கீழே வைக்க முடிந்தது என்பது அவர் வாதம். வியாபாரி தொழில் செய்தார், ஏற்றுமதியாளர் தொழில் செய்தார், பின்னியவள் மட்டும் பொழுது போக்கினாள்!

ஆகவே கை வேலையா மெஷின் வேலையா என்பதில் ஒன்றுமில்லை. 'சும்மா' என்ற சொல் இரண்டையும் ஒரே மாதிரி தின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று குமரி மாவட்டத்திலேயே உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே அந்தப் பள்ளியின் அடிமைப் பெண்பிள்ளைகளில் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். நூல் அதேதான், விரல் அதேதான். காசு அவள் பெயரில் எண்ணப்பட்டது, அதுதான் வித்தியாசம்.

அப்படியானால் வாங்கலாமா?

ஆசைக்குப் பின்னுகிறவர் தாராளமாக வாங்கட்டும். பேரப்பிள்ளைக்குக் குல்லா பின்ன யாரும் மணிக்கணக்கு எழுத வேண்டாம்.

பிழைப்புக்கு என்றால் வீடியோ பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முதலில், மெஷின் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். வாங்கும் இடமும் விற்கும் இடமும் ஒரே ஆளாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டாவது, அடுத்த தெருவில் விற்கிற பொருளைத் தேடுங்கள். தேங்காய்ப்பட்டணத்தில் தொழுகைக்குப் போகிறவர் தலையில் வெள்ளைத் தொப்பி இருக்கிறது. மழைக்காலத்தில் பிறக்கிற குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் வேண்டும். இவற்றைப் பருத்தியில் ஒழுங்காகச் செய்யப் பழகினால் வாங்குகிறவர் முகம் பார்த்துப் பேசலாம். மூன்றாவது, தனியாக விலை பேசாதீர்கள். சுயஉதவிக் குழுவில் பத்துப் பேர் கூடிக் கடன் வாங்கத் தெரிகிறதே, அதே பத்துப் பேர் கூடிக் கூலியும் பேசலாம். அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா அமைப்பு, வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களையும் தொழிற்சங்கமாகத் திரட்டிக் காட்டியது.

பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒன்று. பத்து நாள் பயிற்சி, சான்றிதழ், மேடையில் மெஷினோடு ஒரு போட்டோ, அதோடு கடமை முடிந்தது என்று போகாதீர்கள். ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு என்ன கூலி என்பதையும் பாடத்தில் சேருங்கள். வெளியே எடுத்துப்போய் வீட்டில் வேலை செய்கிறவரையும் தொழிலாளி என்று 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டு வேலையாளருக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை. சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்த விஷயம் பயிற்சி வகுப்புக்குத் தெரியாமல் இருப்பது ஏன்?

அடுத்த தடைக்காலத்தில் அந்த வீடியோ மறுபடி வரும். அதைக் காட்டி, "அக்கா, சும்மாதானே இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், அக்கா திருப்பிக் கேட்கட்டும்: "மணிக்கு எவ்வளவு தருவீங்க?"